பெயர் எழுதாத தட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சமையலறையில் பேச்சு தடித்துவிட்டது.

"நீ போக வேண்டாம்," என்றான் மாக்னி. தாயை இழந்த ஆட்டுக்குட்டி ஒன்று அடுப்போரம் அட்டைப்பெட்டியில் கிடந்தது. குனிந்து அதற்குப் பால்புட்டியைப் பிடித்திருந்தான். "தட்டை மட்டும் குடுத்தனுப்பு. வருஷா வருஷம் எங்க அக்கா வாயில விழணும்னு உனக்கு என்ன தலையெழுத்து?"

அவன் மனைவி ஒஸ்லா, ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு வைத்துச் சுட்ட டார்ட்டைத் துண்டு போட்டாள். தட்டில் அடுக்கி, மேலே துணி மூடினாள். தட்டின் அடியில் எதையும் ஒட்டவில்லை.

ஷெட்லாண்ட் தீவுகளில் ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட வேண்டுமென்றால் ஊர் மன்றத்தில் ஞாயிறு தேநீர் வைப்பார்கள். வீட்டுக்கு வீடு பலகாரம் சுட்டுக் கொண்டுவருவார்கள். தட்டு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக அடியில் பெயர் எழுதிய பட்டை ஒட்டியிருக்கும். ஒஸ்லாவின் தட்டில் மட்டும் ஏழு வருஷமாகப் பெயர் கிடையாது. அதற்கு முந்தின வருஷம் பெயரோடு கொண்டுபோனாள். மன்றத்துச் சமையலறை நாத்தனார் ரூபியின் ராஜ்யம். தட்டு மேசைக்கே போகாமல், மூடிய துணி கலையாமல் திரும்பி வந்தது. அடுத்த வருஷம் பெயரில்லாமல் வைத்தாள். கால் மணி நேரத்தில் காலியானது. அன்று முதல் எல்லாரும் போன பிறகு, யாரும் கேட்காத தட்டாகக் கிடப்பதை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவாள்.

"போகட்டும் மாக்னி," என்றாள் மாமியார் வில்மா, ஜன்னலோரம் பின்னிக்கொண்டிருந்த கம்பளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானும் வரேன்."

ஒஸ்லா திரும்பிப் பார்த்தாள். "வெளியில மூடுபனிம்மா... சளி பிடிச்சுக்கும்."

"மூடுபனியை நான் பாத்ததே இல்ல பாரு. கோட்டை எடு."

எட்டு வருஷத்துக்கு முன்பு, இதே போல ஆடுகள் குட்டி போடும் காலத்தில், அந்த மன்றத்தில் ஃபிடில் என்கிற வயலின் வாசிக்கும் இளம் கலைஞர்களுக்கான போட்டி நடந்தது. ரூபியின் மகள் ஃப்ரேயாவுக்குப் பதினாலு வயது. ஒஸ்லா அவளுக்குப் பியானோ துணை வாசிப்பதாக இருந்தது. குளிர்காலம் முழுக்க இருவரும் சேர்ந்து வாசித்துப் பழகியிருந்தார்கள். அன்று ஒஸ்லா வரவில்லை. தனியாக மேடையேறிய பெண் பாதியில் தாளம் தவறி, அழுதபடி இறங்கிவிட்டாள். இரண்டு வருஷம் ஃபிடில் பெட்டியைத் தொடவில்லை. "ஏன் வரலை?" என்று குடும்பமே கேட்டது. "வர முடியல," என்பதற்கு மேல் ஒஸ்லா வாய் திறக்கவில்லை. கட்டிய கணவனுக்கும் அதே பதில்தான். அதன்பின் அவளும் பியானோவைத் தொடவில்லை.

இப்போது ஃப்ரேயா ஊர் இசைப்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். குளிர்காலப் புயல் அந்தப் பள்ளியின் கூரையைக் கொண்டுபோய்விட்டது. இன்றைய தேநீர் அதற்காகத்தான். அவளிடம் படிக்கும் பிள்ளைகள் மேடையில் வாசிக்கவும் இருந்தார்கள்.

மன்றத்தில் கூட்டம் நெரிந்தது. ஒஸ்லா யாரும் கவனிக்காமல் தட்டை மேசையில் சேர்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். ரூபி பெரிய கெட்டிலருகே நின்றிருந்தாள்.

"டீ தண்ணியா இருக்கே ரூபி," என்றார் கிழவர் லாரன்ஸ்.

"தண்ணியிலதான் போடுவாங்க லாரன்ஸ். வேணும்னா இலையைத் தரேன், மென்னுக்குங்க."

ஒஸ்லாவைக் கண்டதும் அவள் சிரிப்பு நின்றது. "வந்துட்டியா. பாத்திரம் அங்க கிடக்கு."

ஒஸ்லா சட்டைக்கையை மடித்துக்கொண்டு தொட்டியருகே போனாள். கோப்பைகள் வந்தபடி இருந்தன. கொஞ்ச நேரத்தில் ஃப்ரேயா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பனியில படகை நிறுத்திட்டாங்கம்மா. பியானோ வாசிக்கிறவரு பக்கத்துத் தீவுலயே மாட்டிக்கிட்டாரு. பிள்ளைங்க எல்லாம் வில்லைப் பிடிச்சுக்கிட்டு மேடையில நிக்குதுங்க. பாதிப் பேருக்கு இதான் முதல் மேடை." அவள் கண் தொட்டியருகே குனிந்திருந்த முதுகில் நின்றது. "அத்தை..."

"அவளைக் கேக்காத," என்றாள் ரூபி. "உன்னை நட்டாத்துல விட்டது போதாதா? அந்தச் சின்னதுங்களும் அழுதுட்டு இறங்கணுமா?"

ஒஸ்லாவின் கைகள் சோப்பு நீருக்குள் அசையாமல் நின்றன. "அண்ணி சொல்றது சரிதான் ஃப்ரேயா. எனக்குக் கையே விட்டுப் போச்சு..."

"ரூபி, அந்தக் கெட்டிலை அணை."

வாசலில் வில்மா தடியூன்றி நின்றிருந்தாள்.

"அன்னைக்கு அவ என்கூட இருந்தா."

"அம்மா, வேண்டாம்," என்றாள் ஒஸ்லா.

"சும்மா இரு. எட்டு வருஷம் சும்மா இருந்தியே, இன்னும் கொஞ்ச நேரம் இரு." வில்மா மகளைப் பார்த்தாள். "அப்ப உங்கப்பா போய்ச் சேர்ந்து ரெண்டு மாசம். நீங்க எல்லாரும் இங்க வந்துட்டீங்க. நான் வடக்குப் பாறை விளிம்புக்குப் போனேன். கடலைப் பாக்கப் போகல ரூபி. திரும்பி வர்ற நினைப்புல போகல."

ரூபியின் கையிலிருந்த தேநீர்க் குடுவை மேசையில் இறங்கியது.

"என்னையும் இங்க கூட்டிட்டு வரலாம்னு இவ திரும்ப வீட்டுக்கு வந்திருக்கா. கதவு திறந்து கிடக்கு, ஆளைக் காணோம். தேடி வந்தா. எழுந்திருன்னு சொல்லல, அழல. பக்கத்துல உக்காந்து எந்த ஆடு எத்தனை குட்டி போட்டுச்சுன்னு பேசிக்கிட்டே இருந்தா. சாயங்காலமா எனக்கே குளிருச்சு. வீட்டுக்குப் போலாம்னு நான்தான் சொன்னேன். நீங்க திரும்பி வர்றப்ப நான் கட்டில்ல படுத்திருந்தேன்." தடியை இன்னும் அழுத்தி ஊன்றினாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டேன். வெக்கம். நாளைக்கு நானே சொல்லிடலாம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். நீ இவளைத் திட்டுறப்பல்லாம் கேட்டுக்கிட்டே கம்பளி பின்னினேன்."

"நான் உன் மக இல்லியா... என்கிட்டக் கூடவா?" ரூபி ஒஸ்லாவின் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லியிருக்கலாமே."

"அது அம்மாவோட விஷயம், அண்ணி. நான் எப்படிச் சொல்றது?"

ஃப்ரேயா துண்டை எடுத்துவந்து ஒஸ்லாவின் ஈரக் கைகளைத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக. அவள் கன்னம் நனைந்திருந்தது.

"உங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சேன் அத்தை. ஃபிடிலை விட அதுதான் வலிச்சுது."

"ஐயோ கண்ணு..." ஒஸ்லா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழுறதை அப்புறம் வெச்சுக்கலாம். வாங்க, பிள்ளைங்க நிக்குதுங்க," என்றாள் ஃப்ரேயா.

முதல் வரிகளில் ஒஸ்லாவின் விரல்கள் பியானோவில் தடுமாறின. பிள்ளைகள் பயத்தில் வேகமெடுத்து முன்னே ஓடினார்கள். அவள் இடது கையால் தாளத்தை அழுத்திப் பிடித்தாள். மெல்ல, ஒவ்வொரு வில்லாக அதற்குள் வந்து சேர்ந்தது. மன்றமே காலால் தரையைத் தட்டத் தொடங்கியது. முன்வரிசையில் வில்மா தடியால் தட்டினாள்.

ரூபி வெளியே வரவில்லை. தொட்டியில் கைவிட்டு, ஒஸ்லா விட்ட இடத்திலிருந்து கழுவினாள். ருபார்ப் துணுக்குகள் ஒட்டிய தட்டு ஒன்று கைக்கு வந்தது. அடியில் பெயர் இல்லை. துணி கலையாமல் தான் திருப்பி அனுப்பிய அதே தட்டு என்று இப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு வருஷமும் அந்த டார்ட்டில் ஒரு துண்டை முதலில் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறவள் அவள்தான். தட்டைத் திருப்பிப் பிடித்தபடி அந்தப் பாட்டு முடியும்வரை நின்றாள்.

கூட்டம் கலைந்தபோது வெளியே பனி விலகியிருந்தது. இலையுதிர் காலத்துக்குள் கூரை ஏறிவிடும் என்று வாசலில் பேசிக்கொண்டு போனார்கள். வழக்கம்போல ஒஸ்லா கடைசியாகத் தன் தட்டைத் தேடிச் சமையலறைக்கு வந்தாள்.

ரூபி அதைத் துடைத்து மார்போடு வைத்திருந்தாள். அதை நீட்டினாள். ஒஸ்லா வாங்கித் திருப்பினாள். அடியில் புதிய பட்டை. ரூபியின் பெரிய பெரிய எழுத்தில் 'ஒஸ்லா'.

"இனிமே ரெண்டு தட்டு கொண்டு வா," என்றாள் ரூபி. "ஒண்ணு மேசைக்கு. ஒண்ணு எனக்கு."

ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் அந்தத் தட்டு அகப்பட்டுக்கொண்டது. யாரும் அதை எடுக்கவில்லை.