பின்சீட்டுப் புழுக்கம்

ஏசி அபாரமாக வேலை செய்தது, பின்சீட்டின் இடது மூலையைத் தவிர.

கிண்டி ஷெட்டில் மெக்கானிக் அக்பர் பாஷா அந்த மூலைக்குள் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"கம்ப்ரஸர் புச்சா மாட்டிருக்கேன், காயிலும் புச்சு, கேஸு ஃபுல்லா கீது. முன்னாடி குந்துனா பல்லு தந்தி அடிக்குது சார். அந்த மூலை மட்டும் இன்னா பண்ணாலும் ஜில்லுனு ஆவ மாட்டேங்குது."

"காத்து அங்க வரைக்கும் வரலியோ என்னமோ."

"போவுது சார். போன காத்து சூடா திரும்பி வருது." பாஷா குரலைத் தாழ்த்தினார். "யாரோ மூச்சு வுட்றா மாதிரி."

சந்திரமௌலி சிரித்தார். வங்கித் துணை மேலாளரான அவர், மெக்கானிக்குகள் சொல்வதற்கெல்லாம் சிரிப்பைத்தான் பதிலாகத் தருவது வழக்கம்.

அந்தப் பழைய வெள்ளைக் கான்டெஸா காரை அவருக்கு விற்றவன், கல்லூரிக் காலத்துச் சிநேகிதன், அடையாறு ராகவேந்திரன். ஏசி ஓடாது என்று சொல்லித்தான் விற்றான். அதனால் என்ன? கண்ணாடியை ஏற்றிவிட்டால் ஓடுகிற ஏசியும் ஓடாத ஏசியும் வெளியிலிருந்து ஒன்றுதான். எட்டு மாதமாக சந்திரமௌலி நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிக்கொண்டு, முதுகு தெப்பமாக நனைய, முகத்தில் மட்டும் மார்கழிக் குளிர்ச்சியோடு மயிலாப்பூரை வலம் வந்தார். அவர் மனைவி பங்கஜம் பின்சீட்டில், பெரிய மனிதர்களின் மனைவிமார் உட்காரும் இடது பக்கத்தில், புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வருவாள்.

"ஏன்னா, துளி திறங்கோளேன். மூச்சு முட்றது."

"குளம் தாண்டட்டும்."

குளம் தாண்டும். அங்கே தெரிந்தவர் யாராவது நின்றுகொண்டிருப்பார்.

பின்கதவுகளில் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி கிடையாது. உள்ளிருந்து கதவைத் திறக்கும் கொண்டியும் கிடையாது. "பெரிய மனுஷா தானே கதவைத் திறந்துண்டு எறங்குவாளாடா?" என்று ராகவேந்திரன் கேட்டது அவருக்கு மிகவும் நியாயமாகப் பட்டிருந்தது.

கத்தரி வெயில் கொளுத்திய ஒரு முற்பகல். தி.நகர் மண்டபத்தில் மகளுக்கு நிச்சயதார்த்தம். மகள் உறவினர்களோடு முன்பே போய்விட்டாள். சம்பந்திக்காகவே சீர்செய்த ஏசி, சந்திரமௌலியின் மூக்கு நுனியை உறைய வைத்தது. தேனாம்பேட்டை சிக்னலில் ஒரு வாடை வந்தது. ஈரத் தலைமுடி, நாள்பட்ட வியர்வை, அதன்மேல் துளசி.

"பின்னாடி எப்படி இருக்கு?" என்றார் பெருமையாக.

"வேகறதுன்னா."

"புது ஏசிடி!"

பங்கஜம் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "யாரோ ஒட்டிண்டு உக்காந்திருக்காப்ல இருக்கு" என்றாள்.

மண்டப வாசலில் வெயிலில்தான் இடம் கிடைத்தது. அவள் இறங்கத் தயாரானாள். சந்திரமௌலிக்கோ வேறு யோசனை. சம்பந்தியே வந்து கதவைத் திறக்க வேண்டும். உள்ளேயிருந்து குளிர் அவர் முகத்தில் அடிக்க வேண்டும்.

"ரெண்டே நிமிஷம். அழைச்சுண்டு வந்துடறேன்."

இன்ஜினை ஓடவிட்டு, இறங்கி, மாற்றுச் சாவியால் கதவைப் பூட்டினார்.

சம்பந்தி மாடியில் இருந்தார். மாடிப்படியில் எதிர்ப்பட்டான் ராகவேந்திரன்.

"எதுல வந்தேள்?"

"நம்ம கான்டெஸாதான். ஏசியைச் சரி பண்ணிட்டேன், வந்து பாரு! பங்கஜம் உள்ளதான் இருக்கா."

ராகவேந்திரன் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டான்.

"எந்தப் பக்கம்?"

"என்னடா கேள்வி? இடது பக்கம்."

"ஐயோ மௌலி. எங்கம்மா..."

போன வருஷம் மாரடைப்பில் போன அம்மா. பதிமூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு சந்திரமௌலியும் போயிருந்தார்.

"மாரடைப்பு இல்லடா. ஒரு கல்யாணத்துக்கு அழைச்சுண்டு போனேன். ரெண்டு நிமிஷம்னு உக்கார வச்சுட்டு உள்ள போனேன். பேச்சுல மறந்துட்டேன். ஏசி ஓடல. கண்ணாடியைத் திறந்து மானத்தை வாங்கறாளேன்னு கைப்பிடி, கொண்டி எல்லாத்தையும் நான்தான் கழட்டியிருந்தேன்."

"எட்டு மாசமாடா! எட்டு மாசமா என் பொண்டாட்டி அதுல உக்காந்துண்டு வரா!"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பியா?"

இருபத்தைந்து வருஷச் சிநேகிதம். அடிக்க ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு ஓடினார். அங்கவஸ்திரம் படியிலேயே விழுந்தது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்கதவுக் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பனி. அந்த நிலையிலும் மனசு ஒரு கணம் பெருமைப்பட்டது: எத்தனை குளிர்ச்சி! உள்ளங்கையால் துடைத்தார். போகவில்லை.

பனி உள்பக்கம்.

சாவி திரும்பியது. கதவு வரவில்லை. மறுபக்கக் கதவு. அதுவும் இல்லை.

"பங்கஜம்!"

பனிக்கு நடுவே இரண்டு ஈர வட்டங்கள். பக்கத்தில் பக்கத்தில். உள்ளிருந்து மூச்சுப் பட்டு விரிந்தன. சுருங்கின. விரிந்தன.

முஷ்டியால் குத்தினார். கண்ணாடி கொதித்தது. மறுபடி குத்தினார்.

விரிந்தன. சுருங்கின.

ஒரு வட்டம் சிறுத்தது. இன்னும் சிறுத்தது. பொட்டளவு. பிறகு இல்லை.

மற்றது விரிந்தது. சுருங்கியது. நிதானமாக, மறுபடி விரிந்தது.