ஞாயிற்றுக்கிழமை நுரை

உவேயை எனக்குப் பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். அதற்கு ஒரு காரணம் வேண்டுமே? அதையும் அவரே கொடுத்தார். டிஷ்வாஷருக்குள் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தட்டையும் குழாயடியில் பளபளவென்று கழுவுவார்.

"கழுவின தட்டை எதுக்கு மறுபடி மெஷின்ல வைக்கறீங்க?" என்று கேட்டேன்.

"அழுக்கா வச்சா மெஷின் என்னைப் பத்தி என்ன நினைக்கும், ஃபென்யா?"

அம்மாவும் அவரும் சேர்ந்து வாழ முடிவு செய்ததால், மூன்று வாரத்துக்கு முன்பு எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார். முதல் வாரம் திரைச்சீலைக் கம்பியை உடைத்தார். இரண்டாம் வாரம் டீக் கெண்டியின் மூக்கு. மூன்றாம் வாரம் குளியலறை முக்காலி.

"இன்னும் ஒண்ணு போச்சுன்னா பெட்டி, சைக்கிளோட உன்னைத் திருப்பி அனுப்பிடுவேன், உவே!" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். உவே சிரிக்கவில்லை. அதை அன்று நான் கவனிக்கவில்லை.

அவர் சாமான் கொண்டுவந்த ஏழு அட்டைப்பெட்டிகளும் காலியாக நடையிலேயே நின்றன. தினமும் என் முழங்காலில் இடித்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு டிராம் ஓட்டும் வேலை. மூன்றரை மணிக்கு, கூட வேலை செய்யும் நாலு பேரைக் காபிக்கு அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தாள். உவே பிளம்பழக் கேக் செய்தார். ஒரு கேக்குக்கு வீட்டிலுள்ள எல்லாப் பாத்திரத்தையும் எப்படி அழுக்காக்கினார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஒன்றரை மணிக்குச் சமையலறையிலிருந்து ஒரு சத்தம். "ஐயோ! நில்லு! நில்லுன்னா நில்லு!"

யாரிடம் பேசுகிறார் என்று போய்ப் பார்த்தேன். நுரையிடம்.

டிஷ்வாஷரின் கதவிடுக்கிலிருந்து வெள்ளை நுரை பொங்கிப் பொங்கி வந்தது. தரை தெரியவில்லை. உவேயின் காலுறை தெரியவில்லை. மூக்கு நுனியில் மட்டும் ஒரு சின்ன நுரைத் தொப்பி.

"என்ன போட்டீங்க?"

"சோப்பு வில்லை தீந்துபோச்சு. ஞாயித்துக்கிழமை இந்த ஊர்ல எந்தக் கடை திறந்திருக்கு? அதான்..." என்று கழுவுதொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். கையால் பாத்திரம் தேய்க்கும் பச்சை லிக்விட் பாட்டில். பாதி காலி.

"அவ்வளவுமா?"

"பாத்திரம் நிறைய இருந்துச்சே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உவே ஈரத் துண்டோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா வந்ததும் நானே சொல்லிடறேன்," என்றார். "நல்லவேளை, பெட்டிங்கள இன்னும் தூக்கிப் போடல."

சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா விளையாட்டுக்குச் சொன்னதை நம்பி, திரும்பிப் போவதற்கென்றே இந்த மனிதர் காலிப் பெட்டிகளை நடையில் வைத்திருக்கிறார்!

"எழுந்திரிங்க," என்றேன். "முதல்ல மெஷினை நிறுத்துங்க. எனக்கு ஆறு வயசுல இதே மெஷின்ல நான் குளிக்கற லிக்விட் சோப்பை ஊத்தினேன்."

"நிஜமாவா?"

"ஒரு பாட்டில் முழுசா. நீங்க பரவாயில்ல, பாதிதான்."

அலமாரியிலிருந்து, டிஷ்வாஷருக்குள் போடும் உப்புப் பையை எடுத்தேன். அன்று அம்மா செய்ததுபோலவே கைநிறைய அள்ளி நுரைமேல் தூவினேன். உஸ்ஸென்று நுரை அமுங்கியது. உவே வாயைப் பிளந்தார். பிறகு அவரும் அள்ளி வீசினார். கொஞ்ச நேரத்தில் இருவரும் பனியில் விளையாடுவதுபோல வீசிக்கொண்டிருந்தோம்.

உள்ளே இருந்த தண்ணீரை வெளியேற்றி, ஒரு கோப்பை வினிகர் ஊற்றி, வெறும் தண்ணீரில் இரண்டு தடவை அலசினோம். நுரை ஓய்ந்தது. பாத்திரம் அப்படியே அழுக்காக இருந்தது. மணி இரண்டேகால்.

மேல்மாடிக்கு ஓடினேன். அங்கே இருக்கும் ஹார்ம்ஸ் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னச் சத்தமும் ஆகாது.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா மணியடிக்கறே! வீடு பத்தி எரியுதா?"

"இல்ல, நுரைக்குது. டிஷ்வாஷர் வில்லை ஒண்ணு வேணும்."

அவர் என் நனைந்த காலுறையைப் பார்த்தார். "ஒண்ணு போதுமா? அந்தப் புது ஆளு இருக்கற வீட்டுக்கு ரெண்டா எடுத்துட்டுப் போ. கேக் வாசனை இங்க வரைக்கும் வருது. ஒரு துண்டு மேல வரணும், சொல்லிட்டேன்."

கீழே வந்தால், உவே ஒரு தட்டைக் குழாயடியில் பிடித்திருந்தார்.

"கழுவாதீங்க! ஒட்டியிருக்கறதை மட்டும் குப்பையில வழிச்சுப் போடுங்க. இந்த வில்லைக்கு அழுக்குதான் சாப்பாடு. சுத்தமான தட்டை வச்சா பட்டினி கிடக்கும் பாவம்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க மெஷினுக்குப் பயப்படறீங்கன்னு எனக்குத் தெரியலயே."

தட்டுகள் மெஷினின் கீழடுக்கில், கோப்பைகள் மேலடுக்கில் கவிழ்ந்தபடி. உள்ளே தண்ணீர் பீச்சும் சுழல்கையை விரலால் சுற்றிப் பார்த்தேன். நீளக் கரண்டி ஒன்றில் டக்கென்று இடித்தது. உவே கரண்டியைப் படுக்க வைத்தார். இப்போது சுழல்கை தடையில்லாமல் சுற்றியது. வில்லையை அதற்கான குழியில் வைத்து மூடி, குறுகிய கழுவலை அழுத்தினோம்.

தரைதான் இன்னும் சதசதவென்று இருந்தது. துண்டுகளை எல்லாம் பிழிந்து ஓய்ந்துவிட்டோம். நான் நடைக்குப் போனேன். முதல் பெட்டியைக் கிழித்தேன்.

"ஏய், ஏய்! அது என் பெட்டி!"

"தெரியும்," என்றேன். இரண்டாவதையும் கிழித்துத் தரையில் விரித்தேன். உவே கையிலிருந்த ஈரத் துண்டைக் கீழே போட்டார். மூன்றாவதை அவரே கிழித்தார்.

மூன்றரைக்கு அம்மா நாலு பேரோடு வந்தாள். மேசையில் கேக். உலர்ந்து மின்னும் கோப்பைகள். காலடியில் மெத்மெத்தென்று அட்டை.

"என்ன இது தரையில?"

"மெஷின்ல பச்சை லிக்விட் ஊத்திட்டேன், பிர்கிட்," என்றார் உவே, ஒரே மூச்சில்.

அம்மா என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இந்த வீட்ல ஒருத்திதான்னு நினைச்சேன். இப்ப ரெண்டு பேரா?"

பிறகு குனிந்து அட்டையைத் தொட்டாள். "இது உன் பெட்டிங்கதானே? எல்லாம் ஊறிப்போச்சே."

"இனி எதுக்கும் ஆகாது," என்றேன் நான்.

"அப்ப கீழே பழைய காகிதம் போடற தொட்டியில போட்டுடு, உவே."

கேக் சாப்பிட்டு எல்லோரும் போன பிறகு, ஏழு பெட்டிகளையும் கட்டித் தூக்கிக்கொண்டு உவே கீழே போனார். பிறகு மேல்மாடிக்கு ஏறி ஹார்ம்ஸ் அம்மாவுக்கு ஒரு துண்டு கேக்கும் கொடுத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே திரும்பி வந்தார். தன் தட்டிலிருந்த துணுக்குகளைக் குப்பையில் வழித்தார். தட்டைக் குழாயடிக்குக் கொண்டு போகவேயில்லை. நேராக மெஷினுக்குள் வைத்தார்.