தேத்தண்ணியில் பன்னீர் வாசம்

தேத்தண்ணியில் மறுபடியும் அந்த வாசம். இஞ்சிக்கு அடியில் லேசாக, மையத்து வீட்டில் பிணத்துக்குத் தெளிக்கும் பன்னீரைப் போல. ஸப்னா ஒரு மிடறும் குடிக்காமல் கோப்பையை ஜன்னல் வழியே வாழைமரத்தடியில் கவிழ்த்தாள்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாலும் ஒரு பக்கமும் ஓடுவதில்லை. வரியின் தொடக்கம் முடிவுக்கு வருமுன்னே கைநழுவிப் போகும். பக்கத்து வீட்டில் தேங்காய் துருவுவதும், கல்முனை வீதியில் பஸ்கள் ஹோன் அடிப்பதும், குழாய் சொட்டுவதும் ஒரே அளவு கிட்டத்தில், அவளுக்காகவே ஒலிப்பதுபோல உள்ளே வரும். நித்திரை என்பதே இல்லை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். மின்விசிறிக்குள்ளிருந்து ஒரு குரல் கதைக்கத் தொடங்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"தேத்தண்ணியில் கலக்கிறாள். அவள் உன் உம்மா இல்லை."

திரும்பத் திரும்ப அது இதையே சொன்னது. ரியூஷனில் பக்கத்தில் இருக்கும் நிறோசாவிடம் மட்டும் போனில் சொல்லியிருந்தாள். நிறோசா சிரிக்கவில்லை.

"இது ஒரு வருத்தம் ஸப்னா. தொடக்கத்திலேயே காட்டினாச் சுகமாக்கலாம். நாளைக்கு வாறன், ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"மெய்யாவே கலந்தா?"

"உன்ட உம்மா ஏன் கலக்கப் போறா? ஒளிச்சு நிண்டு நீயே பார். ஒண்டும் இல்லையெண்டா அந்தக் குரல் பொய்யெண்டு விளங்கும்தானே."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. குரல் பொய் என்றால் இது வெறும் வருத்தம். வருத்தத்துக்கு மருந்து உண்டு. மறுநாள் அஸர் தொழுகை முடிந்து பொழுது சாயும் நேரம், நிறோசா வருவதற்குள், வெறுங்காலோடு போய்க் குசினிக் கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். யா அல்லாஹ், ஒன்றும் இருக்கக் கூடாது.

உம்மா சாரித் தலைப்புக்குள்ளிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்தாள். அதில் பன்னீரில் கரைத்த குங்குமப்பூ மையால் அரபில் ஓதல் எழுதியிருந்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டு விரலால் அழித்தாள். எழுத்து மஞ்சளாகக் கரைந்தது. அதை ஸப்னாவின் கோப்பையில் ஊற்றி, இஞ்சியை நிறையத் தட்டிப் போட்டாள்.

கலக்கினாள்.

கதவு கிறீச்சிட்டது. உம்மா திரும்பினாள்.

"பயப்படாதகா மகள். ஓதி எழுதின பீங்கான் இது. ஓதினவங்கதான் உனக்குச் செல்லாமக் குடுக்கச் சொன்னாங்க. உன்ட வருத்தம் வெளிய தெரிஞ்சா நாளைக்கு உன்னை ஆர் கலியாணம் முடிப்பான்?"

சின்னதில் காய்ச்சலுக்கு ஸப்னாவும் பீங்கான் தண்ணீர் குடித்தவள்தான். உம்மா சொல்வதும் விளங்கியது. ஆனால் குரல் பொய் சொல்லவில்லை. அதுவும் விளங்கியது. அவள் வாசலுக்கு ஓடினாள்.

கேற்றில் பூட்டு.

"நிறோசா வருவாள்..."

"அந்தப் புள்ளைய வரவேணாமெண்டு செல்லிட்டன். போனும் என்னட்டத்தான் இரிக்கி."

பள்ளியில் அந்தி மஃரிப் பாங்கு ஒலித்தது. கரண்ட் போனது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கோப்பையோடு உம்மா முற்றத்தில் இறங்கி வந்தாள். உள்ளே மின்விசிறி நின்றுவிட்டிருக்கும். குரல் இல்லை. இனித் தேவையுமில்லை. அது சொன்னது இரண்டு. ஒன்று சரி.

மற்றது?

ஸப்னா முதுகைக் கேற்றில் ஒட்டிக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தாள். அதே மூக்குத்தி. அதே கண்ணீர். மூக்கோரத்தில் மச்சம்.

மச்சம் அந்தப் பக்கமா இருந்தது?

"குடி மகள்," என்றது அந்த முகம்.