கதவுக்குக் கட்டை

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் அந்த அறைக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

அவள் கேமராத் திரையைப் பார்த்தாள். அறை காலி. பழைய கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு அது, ஜன்னல் கிடையாது. இப்போது எஸ்கேப் ரூம். காசு கொடுத்துப் பூட்டச் சொல்லி, புதிரை அவிழ்த்து வெளியே வர வேண்டும். இப்படியும் ஒரு பொழுதுபோக்கு, போங்கள்! வழி தெரியாமல் முழிப்பவர்கள் சுவரைத் தட்டினால், அவள் மைக்கில் துப்புச் சொல்வாள்.

உள்ளே இருக்கும் பெட்டி, பூட்டு, ரகசிய இழுப்பறை எல்லாம் தச்சனான அவள் கணவன் செய்தவை. அந்தக் கனத்த கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்ளிருந்து திறக்க வராது. அதனால் அறையை ஒழுங்குபடுத்தப் போகிறவர்கள் அடியில் செருக ஒரு மரக்கட்டையும் செதுக்கிக் கொடுத்திருந்தான். தினமும் அதே பாட்டுதான்: "ஏம்மா, கதவுக்குக் கட்டை வச்சியா?"

எல்லோருக்கும் சொன்னவன், போன மழைக்காலத்தில் பூட்டைச் சரிசெய்யத் தனியாகப் போனபோது கட்டை வைக்க மறந்தான். அன்று அவளுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. மறுநாள் கதவைத் திறந்தபோது அவன் மூச்சுமுட்டி இறந்திருந்தான். விரல் முட்டிகளெல்லாம் தோல் உரிந்திருந்தன.

"அந்த வேலையை விட்டுத் தொலையேன்" என்று தங்கை தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். அவளால் முடியவில்லை. அவன் கை பட்ட மரமெல்லாம் இங்கேதானே இருந்தது.

மறுபடி தட்டல். மெதுவாக, ஓய்ந்துபோன கை தட்டுவதுபோல.

மைக்கை அழுத்தினாள். "யாரு?"

"நான்தாம்மா. கதவத் திற."

ஓடினாள். இந்தத் தடவையாவது அவனை வெளியே கூட்டி வந்துவிட வேண்டும். தாழ்ப்பாளை இழுத்து உள்ளே பாய்ந்தாள். ஈரக்கல்லின் குளிரும், அப்போதுதான் இழைத்த மரத்தின் வாசனையும், இருட்டின் மூலையில் ஒருவன் மூச்சுவாங்கும் சத்தமும் சேர்ந்து வந்தன.

"என்னங்க... அன்னிக்கு நான் வந்திருக்கணுங்க."

கையை நீட்டினாள். தோல் உரிந்த விரல்கள் பற்றிக்கொண்டன. சில்லென்று.

"வாங்க, போயிடலாம்."

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

"ஏம்மா," காதோரம் அதே குரல். "கதவுக்குக் கட்டை வச்சியா?"

கட்டை வெளியே, மைக்குக்குப் பக்கத்தில் கிடந்தது.

அவன் விசும்பத் தொடங்கினான். அவள் கதவைத் தட்டினாள். ஓங்கித் தட்டினாள். பக்கத்திலேயே இன்னொரு கையும் தட்டியது.