மீதி வேண்டுதல்

விடிந்ததும் விடியாததுமாக நாத்தனார் வந்து தன் அம்மாவின் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். வாசலில் வாடகைக் கார் நின்றது.

"அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். சாமியே இல்லேங்கிறவ கையில விட்டா, நல்ல வார்த்தை ஒண்ணு காதுல விழுமா?"

மருமகள் மாத்திரையைப் பொடித்துக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்து மாமியாருக்குப் பேச்சு நின்றதும், பரிசோதனைக்கூட வேலையை விட்டவள்.

"அண்ணி, இப்பத்தான் அத்தை இடது கையால ஸ்பூன் பிடிக்கிறாங்க... பாதியில விட்டா..."

"கல்யாணமான மறுநாளே நம்பிக்கை இல்லேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவதானே நீ? கல்நெஞ்சுக்காரி!"

அவள் கணவன் செல்போனைத் தேடுவதுபோல் நகர்ந்தான்.

கிளம்புமுன் நாத்தனார் கட்டிலருகே கைகூப்பி, அம்மா தினமும் சொல்லிவந்த பிரார்த்தனைப் பாட்டை ஒரு வரி விடாமல் சொன்னாள். முடிந்ததும் மாமியார் இடது கையால் கட்டிலைத் தட்டினாள். மகள் மறுபடி சொன்னாள். மாமியார் இன்னும் பலமாகத் தட்டினாள். கண்ணில் நீர்.

"பாத்தியாடா? இவ இங்க நிக்கிறதே அம்மாவுக்குப் பிடிக்கல! வெளிய போடி!"

"இல்ல அண்ணி... அத்தையோட வேண்டுதல் இன்னும் முடியல."

மருமகள் கைகூப்பவில்லை. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு இருந்த நாளில், பாட்டு முடிந்தபின் மாமியார் தன் வார்த்தையில் வேண்டிக்கொள்வதைத் தினமும் சமையலறைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டவள், அதை அதே நிதானத்தில் சொன்னாள்.

"மாடி வீட்டுப் பொண்ணுக்கு நல்லபடியா பிரசவம் ஆகணும். பால்காரருக்குக் கால் புண் ஆறணும். என் பையன் பொண்டாட்டிக்காக ஒரு தடவையாவது வாயத் திறக்கணும்..."

தட்டுவது நின்றது. மாமியார் கண்ணை மூடினாள்.

"என் பொண்ணுக்குக் கோபம் குறையணும். எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்றா... அவகூட ரெண்டு நிமிஷம் உக்கார ஆள் இல்ல. அவ தனியா நிக்கக் கூடாது..."

நாத்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்காகவா? தினமுமா?"

"தினமும்."

"சாமி இல்லேங்கிற... நீ எப்படிடி கும்பிடற?"

"நான் கும்பிடல அண்ணி. அத்தை கும்பிடறாங்க. வாய் மட்டும்தான் என்னுது."

மாமியார் மருமகளின் தலையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். கோணிய உதடு சிரித்தது. பிறகு பெட்டியைக் காட்டினாள். அலமாரியைக் காட்டினாள்.

"அம்மா!" என்று கதறினாள் மகள். கணவன் வாசலுக்குப் போய்க் காரை அனுப்பிவிட்டு வந்தான்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். முதல் புடவையை எடுத்து மருமகளிடம் நீட்டினாள்.

"எந்தத் தட்டுல வைக்கட்டும்? நீ சொல்லு."