பின்வண்டியில் நாலு

முதலில் வந்தது சரளைக்கல் சத்தம்தான். புகைப்படத்துக்காக இரண்டு குடும்பத்து ஏழு பேரும் நின்ற பிறகும், அவர்களுக்குப் பின்னால் எங்கேயோ இரண்டு மூன்று அடிகள் சரளையை மிதித்துவிட்டு அப்புறம்தான் ஓய்ந்தன.

அவள் திரும்பிப் பார்த்தாள். பாதை காலி. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்த்து, சுவர்போல வழுவழுவென்று வெட்டிவிட்ட செடிகள். அந்தச் செடிச்சுவர்களுக்கு நடுவே வெள்ளைச் சரளை. கோடியில் நூற்றுக்கணக்கான ஜன்னல்களோடு பழைய அரண்மனை. ஈர இலையை அப்போதுதான் வெட்டிப் போட்ட வாசனை காலையில் வந்ததிலிருந்து மூக்கை விட்டுப் போகவில்லை. ஆனால் ஒரு தோட்டக்காரரைக்கூடக் காணோம். பறவைச் சத்தமும் இல்லை.

“சிரிம்மா தங்கச்சி. நீ இப்படி உம்முன்னு நின்னா கேமரா பயந்துடும்” என்றார் கேப்டன்.

கேப்டன் என்பது பட்டப்பெயர். மனிதர் கப்பலில் கால் வைத்ததே இல்லை. பெரிய கிடங்கு ஒன்றில் பெட்டிகளை எண்ணி லாரியில் ஏற்றிவிடும் மேற்பார்வையாளர். அவள் கணவனுக்கு நண்பர். இந்த நாட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் அவளுடைய விடுமுறை நாட்கள் அத்தனையும் அவர் கைக்குப் போய்விட்டன. எங்கே போவது, எந்த வண்டி, எத்தனை மணி, எல்லாம் அவர் சொல்லுவார், கணவன் தலையாட்டுவான். ஒவ்வொரு வாசலிலும் ஆட்காட்டி விரலால் காற்றில் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். முகங்களைப் பார்க்க மாட்டார். பெட்டிக்கு ஏது முகம்?

“ஏழு. சரி, நடங்க.”

அவளுக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. அவள் துணிகளைப் பிரித்துத் திருத்திக் கொடுக்கும் கடையில் தையல்காரி. அளவுநாடா இல்லாமலே ஒரு முதுகைப் பார்த்துத் தோளளவு சொல்லிவிடுவாள். ஆறு வயது மகளுக்கு இடது தோள் வலதைவிட அரை விரல் தாழ்வு. பள்ளியில் யாரும் கேலி செய்யக்கூடாதென்று, மஞ்சள் கோட்டின் இடது தோளுக்குள் மட்டும் மெல்லிய பஞ்சுத்திண்டு வைத்துத் தைத்திருந்தாள். போட்டால் இரண்டு தோளும் சமமாகத் தெரியும்.

மூன்றரை மணிக்கே வெளிச்சம் சோர்ந்துவிட்டது. கேப்டனின் இரட்டைப் பையன்கள் கண்ணாமூச்சி விளையாட மகளைச் செடிச்சுவர்களுக்குள் இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

“உள்ளே வேணாம். ஒண்ணும் தெரியல பாருங்க” என்றாள்.

“சுத்தி மதில், ஒரே ஒரு கேட்டு. எங்க போயிடுவாங்க?” என்றார் கேப்டன்.

“எல்லாத்துக்கும் ஒரு தகராறு” என்றான் கணவன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “கொஞ்சம் சும்மா இரேன்.”

அவள் சும்மா இருந்தாள். அந்த ஒரு தடவைக்காக அவள் தன்னையும் மன்னிக்கவில்லை, அவனையும் மன்னிக்கவில்லை.

மூடுகிற மணி அடித்தபோது அவள் கேப்டனின் மனைவியோடு கழிவறை வரிசையில் நின்றிருந்தாள். அந்த அக்கா நர்ஸ். இருவரும் வெளியே வருவதற்குள் கேப்டன் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார்.

“பார்க்கிங்கைப் பூட்டப் போறாங்களாம். ஏறுங்க, ஏறுங்க. பசங்க எல்லாம் பின்வண்டியில.”

பின்னால் கணவனின் வண்டி. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதற்குள் சின்னத் தலைகள் தெரிந்தன. அவள் கேப்டனின் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

நெடுஞ்சாலைக்கு வந்ததும் கேப்டன் வழக்கம்போல ஃபோனைப் போட்டார். “முன்வண்டி மூணு. பின்வண்டி?”

“நாலு” என்றான் கணவன். “நான் ஒண்ணு, பின்னால மூணு தலை.”

“ஏழு. சரியாப்போச்சு.”

“பாப்பாகிட்ட ஃபோனைக் குடுங்க” என்றாள் அவள்.

“தூங்குறாம்மா.”

“அவ வண்டியில தூங்க மாட்டா. ஏதாவது பேசிக்கிட்டே வருவா.”

“ஓடி ஆடியிருக்கால்ல, அசதி. வெச்சுடுறேன்.”

வைப்பதற்கு முன்னால், பின்சீட்டிலிருந்து இரட்டையரில் ஒருவன் மெல்லக் கேட்டது அவள் காதில் விழுந்தது. “மாமா, நான் முன்னால வந்து உக்காந்துக்கட்டுமா?”

அழுகிற குரல் இல்லை. அழுகையை விழுங்கிக்கொண்ட குரல்.

“வண்டிய நிறுத்துங்க அண்ணா.”

“வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் தங்கச்சி.”

“நிறுத்துறீங்களா, நான் கதவைத் திறக்கட்டுமா?”

பெட்ரோல் பங்க் ஒன்றின் ஓரத்தில் இரண்டு வண்டிகளும் நின்றன. அவள் போய்ப் பின்கதவைத் திறந்தாள். வெட்டின இலை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. பையன்கள் இருவரும் ஆளுக்கொரு கதவோடு ஒட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி, நடுவில் இருந்ததன்மேல் பட்டுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மஞ்சள் கோட்.

“அம்மா” என்றது. மகளின் முகம். மகளின் குரல். முன்பல் விழுந்த இடைவெளிகூட அதே இடத்தில்.

ஆனால் கோட்டின் இடது தோள் தூக்கிக்கொண்டு நின்றது. அரை விரல். அவள் கை தானாகப் போய்த் தொட்டுப் பார்த்தது. திண்டுக்குக் கீழே தோள் தாழவில்லை. இரண்டு தோளும் அந்தச் செடிச்சுவரை வெட்டியதுபோல ஒரே மட்டம்.

“இது என் பொண்ணு இல்ல.”

“என்ன பேசுற நீ?” கணவன் இறங்கி வந்தான். “புள்ளை முன்னாடி பேசுற பேச்சா இது?”

கேப்டன் விரலை நீட்டினார். “இரும்மா, பதறாத. ஒண்ணு, ரெண்டு…”

அவள் அந்த விரலைப் பிடித்து மடக்கினாள். அவர் வலியில் முனகினார். “எண்ணாதீங்க, அந்தத் தோளப் பாருங்க. இன்னிக்கு ஒரு தடவையாவது யாராவது அவ மூஞ்சியப் பாத்தீங்களா?”

நர்ஸ் அக்காதான் குனிந்து உள்ளே போனாள். சின்ன மணிக்கட்டைப் பிடித்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். விரலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துப் பார்த்தாள். கழுத்திலும் வைத்துப் பார்த்தாள். அப்புறம் தன் பையன்களை இரண்டு கையிலும் இழுத்துக்கொண்டு தன் வண்டிக்கு நடந்தாள்.

“அக்கா, என்னன்னு சொல்லிட்டுப் போங்க.”

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாத” என்றாள் அக்கா, திரும்பாமல். கேப்டனுடைய வண்டி போய்விட்டது. மூன்று வருடச் சிநேகிதம், பின்விளக்கு இரண்டு.

அவள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தாள். கணவன் பின்னால் ஏறி அதை மடியில் வைத்து அணைத்துக்கொண்டான்.

“புள்ளைய நடுங்க வெச்சுட்டியே” என்றான். “நீயெல்லாம் ஒரு தாயா?”

அவள் வண்டியை வந்த வழியே தோட்டத்துக்குத் திருப்பினாள். வாயைத் திறந்தால் கத்தல்தான் வரும். கத்திக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. இருபது நிமிடச் சாலை. சக்கரம் ஈரத்தில் உரசும் சத்தம், பின்சீட்டில் கணவன் முணுமுணுக்கும் தாலாட்டு, அதற்கடியில் இலைகள் ஒன்றோடொன்று தேய்கிற மாதிரி இன்னொரு மெல்லிய சத்தம். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தாள். கணவனின் மூச்சு ஜன்னலில் ஆவியாகப் படிந்து மறைந்தது. அதன் முகமும் ஜன்னலோடு ஒட்டித்தான் இருந்தது. அந்த இடத்தில் கண்ணாடி தெளிவாக இருந்தது.

தாலாட்டு தேய்ந்தது. நின்றது.

“என்னங்க?”

“ம்.” தூக்கத்தில் பேசுகிறவன்போல.

தோட்டத்து வாசல் பூட்டியிருந்தது. இரண்டு ஆள் உயரக் கம்பிகள், மேலே ஈட்டி முனைகள். காவலர் அறை இருட்டு. வண்டியின் விளக்கை எரியவிட்டு ஓடினாள். கம்பியைப் பிடித்து மகளைக் கூப்பிட்டாள். தொண்டை கிழிகிற வரைக்கும் கூப்பிட்டாள்.

சரளைச் சத்தம்.

செடிச்சுவருக்கு நடுவிலிருந்து ஓடி வந்தாள் மகள். கோட் இல்லை. மெல்லிய சட்டை. இடது தோள் தாழ்ந்திருந்தது. அந்தத் தாழ்வைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

“அம்மா, குளிருது.”

கைகள் கம்பிக்கு வெளியே வந்தன. பனிக்கட்டி. ஆனால் நாடி துடித்தது. அவள் விரலுக்கடியில் தடதடவென்று துடித்தது.

“கோட் எங்கடா கண்ணு?”

“அந்தப் பாப்பா கேட்டா. ஒரு தடவ போட்டுப் பாத்துட்டுத் தரேன்னா. குடுத்துட்டேன்.”

கம்பிக்கும் கம்பிக்கும் இடையே நாலு விரல் அகலம். மணிக்கட்டு வரும், முழங்கை வரும். தலை வராது. கண்ணால் அளந்தாள், மறுபடி அளந்தாள்.

“என்னங்க, இறங்கி வாங்க. பாப்பா இங்க இருக்கா.”

வண்டி விளக்குக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. கணவனின் குரல் மட்டும் வந்தது. நிதானமாக, சந்தோஷமாக.

“பாப்பா என் மடியில இருக்கா. வா, போகலாம்.”

“இறங்கித் தொலைங்க!”

கதவு திறக்கவில்லை.

மறுபடியும் சரளைச் சத்தம். ஓடும் சத்தம் இல்லை. நடந்து வருகிற சத்தம். ஒரு ஜோடிக் கால் மட்டும் இல்லை, பல.

செடிச்சுவரின் ஒவ்வொரு இடைவெளியிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். வெள்ளை வெளிச்சத்துக்குள் ஒவ்வொருவராக. தையல்காரியின் கண் துணியைத்தான் முதலில் பார்த்தது. போன வருடக் கடைச் சட்டை. இருபது வருடத்துக்கு முந்தைய காலர். கையால் தைத்த பொத்தான்துளை. இப்போது எந்த ஊரிலும் யாரும் வெட்டாத பாணியில் சட்டைக்கை. ஒருவர் உடம்பிலும் கோட் இல்லை. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார்கள், பள்ளி வாசலில் அம்மா வந்துவிட்டாளா என்று பார்க்கிற மாதிரி.

“என்னை மட்டும் கூட்டிட்டுப் போவியா அம்மா?” என்றாள் மகள்.

பிடித்த கையை அவள் விடவில்லை. கம்பிக்கு நடுவே இன்னொரு சின்னக் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு புடவை மடிப்பு, முந்தானை, தலைமுடி, எது எட்டியதோ அது. எல்லாக் கைகளும் குளிர்ந்திருந்தன. எல்லாவற்றிலும் நாடி துடித்துக்கொண்டிருந்தது.