சூசன்னா கரையேறினாள்

சாத்திய சன்னலின் இடுக்கு வழியே வெனிசின் மதிய வெக்கையும் கால்வாயின் அழுகல் வாடையும் உள்ளே கசிந்துகொண்டிருக்க, எதிர்ச்சுவர்ப் படத்தில் குளிக்க இறங்கும் வேதக் கதைச் சூசன்னாவை வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்த ஓர்செத்தா, புதருக்குப் பின்னால் ஒளிந்து அவளை வெறிக்கும் இரண்டு கிழவர்களில் ஒருவனின் கால் இன்று புல்வெளியில் இருப்பதைக் கண்டாள். நேற்று அது புதருக்குள்தான் இருந்தது.

கர்ப்பிணி இப்படி ஒரு கற்புக்கரசியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பிள்ளை ஒழுக்கமாகப் பிறக்கும் என்பது அந்த ஊர்ப் பெரிய வீடுகளின் நம்பிக்கை. அதனால் தினமும் சாப்பாடு முடிந்ததும் கணவனின் அக்கா தொனாத்தா அவளை இந்த அறைக்குள் தள்ளி வெளியே பூட்டிவிடுவாள். ஓவியன் என்னவோ கற்பைவிடத் தொடையைத்தான் கவனமாக வரைந்திருந்தான்.

ஓர்செத்தா கதவருகே போனாள். "மதினி, அந்தக் கிழவங்க நகர்றாங்க. கதவத் தெறங்க."

"உனக்கு அடக்கம் இருந்தா கிழவன் ஏன்டி நகரப்போறான்?" வெளியே நாற்காலி கிறீச்சிட்டது. "இன்னொரு தடவ இந்தப் பேச்சு வந்துச்சு, பிள்ளயப் பெத்துக் குடுத்துட்டு கன்னியர் மடத்துக்குப் போயிரு. தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சொல்லத்தான் செய்வாள். தம்பி அல்விசே அக்கா பேச்சைத் தட்டமாட்டான். ஏழு மாதமாகச் சுமக்கும் பிள்ளையைக் கண்ணில்கூடக் காட்டாமல் பறித்துக்கொள்வார்கள். ஓர்செத்தா படத்தின் பக்கம் திரும்பினாள்.

புல்வெளியில் நான்கு கால்கள்.

கண்ணை எடுத்தால்தான் நகர்கிறார்கள். எடுக்காமல் பார்த்தாள். கண் எரிந்தது. நீர் கோத்தது. இமைத்துவிட்டாள்.

கிழவர்களைக் காணோம். புதரில் இல்லை. கரையில் இல்லை. சூசன்னா மட்டும் கரையேறி அவசரமாக உடுத்திக்கொண்டிருந்தாள். ஓர்செத்தாவுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். பார்த்துவிட்டு, விட்டது தொல்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காதோரம் மூச்சு. வண்ணம் குழைக்கும் எண்ணெயின் வாடை. இரண்டு மூச்சு.

பிறகு தெருவே கேட்கும்படி இரண்டு ஆண்குரல்கள் கத்தின. "இவ கூட ஒரு வாலிபன் படுத்திருந்தான். நாங்க பாத்தோம். பிடிக்கிறதுக்குள்ள ஓடிட்டான்." வேதத்தில் சூசன்னாமேல் சுமத்திய அதே பழி. அவளைக் காப்பாற்றத் தானியேல் தீர்க்கதரிசி வந்தான்.

"எனக்குத் தெரியும்டி," என்றாள் தொனாத்தா. பூட்டில் சாவி திரும்பியது.

ஓர்செத்தாவால் அசைய முடியவில்லை. வேதத்தில் குற்றவாளிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறவர்கள் வைப்பதுபோல அவள் தலைமேல் கைகள் அழுந்தின. பிசுபிசுவென்று, இன்னும் காயாத கைகள்.